இருதயத் தடையும் தலையெழுத்தும்

நம் நாட்டில் ஒரு மனிதன் நின்ற இடத்தில் திடீரென்று மயங்கி விழுந்து, ஒரு நிமிஷத்திற்கெல்லாம் கண்விழித்து எழுந்து உட்கார்ந்து விடுவானேயானால், அதற்குக் காரணம் சொல்ல நான்கு பேர் உடனே வந்து விடுகின்றார்கள். ஒருவர், உச்சி வேளையில் புளியமரத்தடியில் போனதால் பேய் அடித்து விட்டது என்பார். ஒருவர், கண் திருஷ்டி என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடச் சொல்லுவார். ஒருவர், ஜாதகத்தை விரித்து வைத்துக் கொண்டு, இந்த வயதில் ஒரு கண்டம் இருக்கின்றது என்பார். இன்னொருவர், காக்காய் வலிப்பு என்று சொல்லிக் கையில் இரும்புச் சாவியைத் திணிப்பார். அந்த மனிதன் எழுந்திருக்காமலே போய்விட்டாலோ, இந்த நால்வரும் ஒரே குரலாக, "அவன் தலையில் எழுதியது அவ்வளவுதான், நோகாத சாவு, கொடுத்து வைத்தவன்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறிக் கொண்டு போய்விடுகின்றார்கள். ஆனால், "விழுந்த நேரத்தில் அவன் கைநாடி நிமிஷத்திற்கு எத்தனை தடவை அடித்தது?" என்கின்ற ஒரு கேள்வியை மாத்திரம் இவர்களில் எவரும் கேட்பதில்லை. இவர்கள் கேட்காத அந்தக் கேள்வியைப் பற்றியே இன்று எழுதுகின்றோம்.

மயங்கி விழுகின்றவர்கள் எல்லோருக்கும் இருதய நோய் என்று நாம் சொல்ல வரவில்லை. வெயிலில் வெகுநேரம் நின்றால் மயக்கம் வரும், இரத்தத்தைக் கண்டால் சிலருக்கு மயக்கம் வரும், பட்டினியால் வரும், சர்க்கரை வியாதிக்காரருக்கு மருந்து மிஞ்சினால் வரும், மூளையில் உண்டாகும் வலிப்பாலும் வரும். ஆனால் இவைகளுக்கு நடுவில், இருதயத்தின் மின்சார வழியில் தடை ஏற்பட்டு, அதனால் உண்டாகின்ற மயக்கமும் ஒன்று இருக்கின்றது. இதற்கு டாக்டர்கள் 'ஹார்ட் பிளாக்' என்று பெயர் சொல்லுகின்றார்கள். காகிதத்தில் கோடு கோடாய் எழுதிக் கண்டுபிடிக்கக் கூடியதும், பெரும்பாலும் ஒரு சிறு கருவியால் சரிக்கட்டக் கூடியதுமான இந்த நோயைத்தான் நம் ஜனங்கள் பேய் என்றும், கண்டம் என்றும், விதி என்றும் பெயரிட்டுச் சுடுகாட்டுக்கு அனுப்பிக் கொண்டிருக்கின்றார்கள்.

முதலாவது, இருதயம் எப்படி அடிக்கின்றது என்பதைப் பார்ப்போம். இருதயத்தில் மேலே இரண்டு அறைகளும் கீழே இரண்டு அறைகளும் உண்டு. வலது மேலறையின் உச்சியில், பெரிய இரத்தக் குழாய் வந்து சேருகின்ற இடத்தில், சைனஸ் கணு என்கின்ற ஒரு சிறு தசைத்திட்டு இருக்கின்றது. அது யாருடைய உத்தரவையும் எதிர்பாராமல் தானாகவே நிமிஷத்திற்கு 60 முதல் 100 தடவை வரை ஒரு சிறு மின்சாரத் தூண்டலை உண்டாக்குகின்றது. அந்தத் தூண்டல் மேலறைகளில் பரவி அவைகளைச் சுருங்கச் செய்கின்றது. பிறகு, மேலறைக்கும் கீழறைக்கும் நடுவேயுள்ள இடைக்கணுவுக்கு வந்து, அங்கே ஏறக்குறைய ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் தாமதிக்கின்றது. மேலறையிலுள்ள இரத்தம் முழுவதும் கீழறைக்கு இறங்க அந்தத் தாமதம் வேண்டியிருக்கின்றது. அதற்குப் பின் ஹிஸ் கற்றை என்கின்ற ஒரே வழியாய்க் கீழே இறங்கி, வலது இடது என்று கிளைகளாய்ப் பிரிந்து, பர்கிஞ்சி நார்களின் மூலம் கீழறைகள் முழுவதும் ஒரே வீச்சில் பரவுகின்றது. கீழறைகள் சுருங்கி இரத்தத்தை உடம்பெங்கும் தள்ளுகின்றன. அதைத்தான் நாம் கைநாடியாகத் தொட்டுப் பார்க்கின்றோம். நிமிஷத்திற்கு 72 என்று வைத்துக் கொண்டாலும் ஒரு நாளைக்கு ஒரு லட்சத்து மூவாயிரத்துக்கு மேல் இந்த வேலை நடைபெறுகின்றது.

இருதயத்தில் ஆத்மா வாசம் செய்கின்றது என்றும், அதுவே இருதயத்தை ஆட்டி வைக்கின்றது என்றும் சொல்லுகின்ற வைதீகர்களை ஒன்று கேட்கின்றோம். ஒரு தவளையின் இருதயத்தை அறுத்தெடுத்துத் தக்க உப்பு நீரில் போட்டால், அது தவளை இல்லாமலே வெகு நேரம் அடித்துக் கொண்டிருக்கின்றதே, அப்போது தவளையின் ஆத்மா கிண்ணத்தில் இருக்கின்றதா, மேஜைமேல் கிடக்கின்ற உடம்பில் இருக்கின்றதா? 1967 டிசம்பர் 3ந் தேதி தென்னாப்பிரிக்காவிலுள்ள கேப்டவுனில் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்டு, இறந்து போன ஒருவரின் இருதயத்தை எடுத்து உயிரோடிருந்த மற்றொருவருக்கு வைத்தார். அதன் பிறகு உலகத்தில் ஆயிரக்கணக்கான பேருக்கு அப்படி வைத்தாகி விட்டது. நரம்பெல்லாம் அறுபட்டு, வேறு ஒரு மார்புக்குள் போன அந்த இருதயம், தன்னோடு கூடவே வந்த சைனஸ் கணுவைக் கொண்டு தானாகவே அடிக்கின்றது. இதில் எவருடைய ஆத்மா எவரிடம் குடிபோயிற்று? இதற்குச் சமாதானம் சொல்லக் கூடியவர்கள் முன்வந்து சொல்லட்டும்.

அதோடு மற்றொரு விஷயமும் கவனிக்கத் தக்கது. மேலறைகளுக்கும் கீழறைகளுக்கும் நடுவில் மின்சாரம் கடக்க முடியாத நார்த்தடுப்பு ஒன்று இருக்கின்றது. அதை ஊடுருவிப் போக ஹிஸ் கற்றை என்கின்ற ஒரே ஒரு கம்பிதான் உண்டு. அது கெட்டால் மாற்று வழி கிடையாது. ஒரு ஊருக்கு ஒரே ஒரு கம்பியை மாத்திரம் இழுத்து விட்டுப் போகின்ற மின்சார இஞ்சினீயரை நாம் என்ன சொல்லுவோம்? ஆனால் இந்த ஏற்பாட்டை மாத்திரம் சர்வஞ்ஞனான கடவுளின் திருவிளையாடல் என்று புகழ வேண்டுமாம். சரி, இரண்டாவது கம்பி இருந்தால் நல்லதுதானே என்றால், சிலருக்குப் பிறவியிலேயே அப்படி ஒரு உபரிக் கம்பி இருக்கின்றது. அதனால் மின்சாரம் சுற்றிச் சுற்றி ஓடி, இருதயம் நிமிஷத்திற்கு 200 தடவை கூடத் துடிக்கின்றது. உல்ப், பார்க்கின்சன், ஒயிட் என்கின்ற மூன்று டாக்டர்கள் 1930ல் எழுதி வைத்த நோய் இது. இப்போது இரத்தக் குழாய் வழியாய் ஒரு மெல்லிய கம்பியைச் செலுத்தி அந்த உபரி வழியைச் சுட்டு அழித்து விடுகின்றார்கள். ஒரு கம்பி வைத்ததிலும் கோளாறு, இரண்டு வைத்ததிலும் கோளாறு. இரண்டையும் பழுது பார்ப்பவன் மனிதன். இப்படியிருக்க, நன்றி மாத்திரம் வேறொருவருக்குச் செலுத்தப்படுவானேன்?

நிற்க, இந்த விஷயங்கள் மனிதனுக்கு எப்படித் தெரிய வந்தன என்பதையும் பார்க்க வேண்டும். டப்ளின் நகரத்து டாக்டர் இராபர்ட் ஆடம்ஸ் என்பவர் 1827ல், வரி இலாகா உத்தியோகத்திலிருந்த 68 வயதுள்ள ஒருவரைப் பற்றி எழுதினார். அவருக்கு அடிக்கடி மயக்கம் வரும். நாடி நிமிஷத்திற்குச் சுமார் 30 தான் அடிக்கும். எல்லோரும் மூளை நோய் என்று நினைத்ததை, ஆடம்ஸ், நோயின் இருப்பிடம் இருதயமே என்று எடுத்துக் காட்டினார். அதே நகரத்து டாக்டர் வில்லியம் ஸ்டோக்ஸ் 1846ல் இதே மாதிரியானவைகளைச் சேர்த்து எழுதினார். இவர்கள் இருவர் பெயராலும்தான் இந்த மயக்கத்திற்கு 'ஸ்டோக்ஸ் ஆடம்ஸ் மயக்கம்' என்று பெயர் ஏற்பட்டது. வால்ட்டர் காஸ்கல் என்பவர் 1880களில் ஆமையின் இருதயத்தை இடுக்கியால் நெருக்கி, எந்த இடத்தில் நெருக்கினால் துடிப்பு கீழே போகாமல் நிற்கின்றது என்று பார்த்தார். வில்ஹெல்ம் ஹிஸ் 1893ல் அந்த ஒரே கம்பியைக் கண்டார். ஜப்பானியரான சுனாவோ தவாரா 1906ல் இடைக்கணுவைக் கண்டார். கீத், பிளாக் என்கின்ற இருவர் 1907ல் சைனஸ் கணுவைக் கண்டார்கள். நெதர்லாந்து தேசத்து ஐந்தோவன் இருதயத்தின் மின்சாரத்தைக் கோடாக எழுதுகின்ற கருவியை உபயோகத்துக்குக் கொண்டுவந்து 1924ல் நோபல் பரிசு பெற்றார். இவர்களில் ஒருவராவது ஞானதிருஷ்டியால் கண்டவரல்லர். கடிகாரம், கத்தி, தவளை, ஆமை, பிரேதம், கண்ணாடி இவைகளைக் கொண்டு கண்டார்கள்; கண்டதை எழுதி வைத்தார்கள்; தப்பு இருந்தால் பின்னால் வந்தவன் திருத்தினான். நமது ரிஷிகளோ ஏழு உலகத்தையும் எட்டுத் திக்கையும் பார்த்தார்களாம். தங்கள் மார்புக்குள்ளேயே கிடந்த ஒரு கம்பியை மாத்திரம் பார்க்கவில்லை!

இனி, இந்தத் தடையில் மூன்று படிகள் இருக்கின்றன என்பதைத் தெரிந்து கொள்ள வேண்டும். முதற்படியில், மேலிருந்து வரும் தூண்டல் ஒவ்வொன்றும் கீழே போய்ச் சேருகின்றது; ஆனால் தாமதமாய்ப் போகின்றது. ஈ.சி.ஜி. காகிதத்தில் ஒரு சிறு கட்டம் என்பது ஒரு விநாடியில் நூற்றில் நான்கு பங்கு. மேலறை துடிக்கத் தொடங்கியதிலிருந்து கீழறை துடிக்கத் தொடங்குகின்ற வரையில் ஐந்து கட்டத்துக்கு மேல் போனால் முதற்படித் தடை என்று பெயர். இதற்குப் பெரும்பாலும் வைத்தியமே தேவையில்லை.

இரண்டாம் படியில் சில தூண்டல்கள் போகும், சில போகாது. இதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்றில், தாமதம் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு கொண்டே போய் ஒரு துடிப்பு விட்டுப் போகும். வெங்கபாக் என்பவர் 1899லேயே கண்டு சொன்ன இது, நன்றாய் ஓடியாடிப் பழகிய வாலிபர்களுக்குத் தூக்கத்தில்கூட வருவதுண்டு, பெரும்பாலும் தீங்கில்லாதது. மற்றொன்றில் யாதொரு முன்னறிவிப்புமின்றித் துடிப்பு அறுந்து போகும். மோபிட்ஸ் என்பவர் 1924ல் பிரித்துக் காட்டிய இரண்டாவது வகை இது. இது அபாயமானது, எந்த நேரத்திலும் மூன்றாம் படிக்குப் போய்விடக் கூடியது.

மூன்றாம் படியில் தூண்டல் ஒன்றுகூடக் கீழே போகாது. மேலறை தன்பாட்டுக்கும் கீழறை தன்பாட்டுக்கும் அடிக்கும். இடைக்கணுவுக்கு அருகிலிருந்து மாற்றுத் துடிப்பு கிளம்பினால் நிமிஷத்திற்கு 40 முதல் 60 வரை. அதற்கும் கீழேயிருந்து கிளம்பினால் 20 முதல் 40 வரைதான். அந்த மாற்றுத் துடிப்பு தொடங்குவதற்குள் இருதயம் சற்று நின்று போனால், ஏறக்குறைய பத்து விநாடிக்குள் மூளைக்கு இரத்தமில்லாமல் மனிதன் விழுகின்றான். மறுபடி துடிப்பு வந்தால் முகம் சிவந்து எழுந்திருக்கின்றான். வராவிட்டால் எழுந்திருப்பதில்லை. பேய் பிடித்ததும் இறங்கியதும் இவ்வளவுதான். இறங்கியதற்காக மந்திரவாதிக்குக் கொடுத்த பணத்தை, இருதயத்தின் கீழறைக்கல்லவா கொடுத்திருக்க வேண்டும்?

இந்தத் தடை எதனால் வருகின்றது என்று பார்த்தாலோ விதிக்கு அங்கே இடமே காணோம். வயது ஏற ஏற அந்தக் கம்பி நார் பற்றி வீணாகின்றது. மாரடைப்பில் இரத்தம் போகாமல் கணுவோ கற்றையோ கெடுகின்றது. தொண்டை அடைப்பான் நோயின் விஷத்தால் வருகின்றது. இரத்தத்தில் பொட்டாசியம் உப்பு மிஞ்சினால் வருகின்றது. டிகாக்சின், வெரபமில், டில்டியாசெம், பீட்டா பிளாக்கர் முதலிய மருந்துகளால் வருகின்றது. கண் நீர்அழுத்த நோய்க்குப் போடுகின்ற டிமோலால் சொட்டு மருந்துகூட சிலருக்கு இருதயத்தை மந்தப்படுத்தி விடுகின்றது. (மருந்தால் வருகின்றது என்று கேட்டவுடன் எவரும் தானாக மருந்தை நிறுத்திவிட வேண்டாம். கொடுத்த டாக்டரிடம் போய்க் கேட்பதே முறை.)

மஞ்சள் அரளியையும் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் வேலியோரம் வளர்க்கப்படுவது. பூவைப் பறித்துச் சாமிக்குப் போடுவது. அதன் நஞ்சு டிகாக்சினின் இனத்தைச் சேர்ந்தது. இருதயத்தின் மின்சார வழியையே அடைத்து விடுகின்றது. மனமொடிந்தவர்களும், தெரியாமல் வாயில் போட்ட குழந்தைகளும் இதனால் எத்தனையோ பேர் மாண்டிருக்கின்றார்கள். ஆனால் காலத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால், தற்காலிகமாய் மின்சாரம் கொடுத்து இருதயத்தை ஓட்டிக் காப்பாற்றலாம். அந்த நஞ்சைப் பிடித்துக் கட்டுகின்ற எதிர்மருந்து ஒன்றும் உண்டு. அது இருதயத்தின் தாளத்தைச் சீராக்குகின்றது என்பதை இலங்கையில் நடந்து 2000ல் வெளியான பரிசோதனை காட்டியிருக்கின்றது. பூவை ஏற்றுக் கொண்ட சாமி இவ்விஷயத்தில் செய்த உதவி இன்னதென்று யாரும் சொல்லக் காணோம்.

எல்லாவற்றையும்விட நமக்கு ஆத்திரம் உண்டாக்குவது ஒன்று இருக்கின்றது. சில குழந்தைகள் வயிற்றிலிருக்கும் போதே இந்தத் தடையோடு இருக்கின்றன. உடனே பாட்டியும் புரோகிதரும் சேர்ந்து, தாயின் முற்பிறவிப் பாவம் என்றும், நாகதோஷம் என்றும், கிரகண காலத்தில் வெளியில் வந்தாள் என்றும் அந்தப் பெண்ணைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகின்றார்கள். உண்மையென்ன? தாயின் இரத்தத்திலுள்ள ஒருவகை எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியாய்க் குழந்தைக்குப் போய், அதன் இடைக்கணுவைப் புண்படுத்தி விடுவதே பெரும்பாலும் காரணமாகும். தாய்க்கு யாதொரு நோயும் வெளியில் தெரியாமலேகூட அந்தப் பொருள் இருக்கலாம். இரத்தத்தைப் பரிசோதித்தால் தெரியும். அடுத்த பிரசவத்தில் முன்னாலேயே கவனிக்கலாம். இரத்தப் பரிசோதனைக்குப் போக வேண்டிய பெண்ணை இராமேசுவரத்துக்குப் பரிகாரத்திற்கு அனுப்புகின்றவர்களை, அறியாதவர்கள் என்று மன்னித்துக் கொண்டே எவ்வளவு காலம் இருப்பது?

நிற்க, படித்தவர்களிடத்திலும் ஒரு மயக்கம் இருக்கின்றது. 'பிளாக்' என்கின்ற ஒரு சொல்லைக் கேட்டவுடனே எல்லாவற்றையும் 'அடைப்பு' என்று ஒன்றாக்கி விடுகின்றார்கள். மாரடைப்பில் அடைபடுவது இருதயத்திற்கு இரத்தம் கொண்டு போகின்ற குழாய். ஹார்ட் பிளாக்கில் தடைபடுவது மின்சாரம் போகின்ற வழி. வீட்டில் தண்ணீர்க் குழாய் அடைத்துக் கொண்டால் கூப்பிட வேண்டியவன் ஒருவன். விளக்கு எரியாவிட்டால் கூப்பிட வேண்டியவன் வேறொருவன். குழாய் அடைப்பினால் கம்பி கெடுவதும் உண்டு என்பது வாஸ்தவமே. ஆனாலும் இரண்டும் ஒன்றல்ல. இந்த வித்தியாசம் தெரியாததால்தான், இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறு, ஆப்பிள் காடி, தேன் இவைகளைக் காய்ச்சிக் குடித்தால் 'எல்லா பிளாக்கும் கரைந்து போகும்' என்கின்ற கதை, கைப்பேசிக்குக் கைப்பேசி தாவிக் கொண்டிருக்கின்றது. அது குழாயடைப்பையே கரைக்கும் என்பதற்கு ஆதாரமில்லை. அப்படியிருக்க, அறுந்து போன மின்சாரக் கம்பியை இஞ்சிச்சாறு ஒட்ட வைக்கும் என்று நம்புவதற்கும், வேப்பிலை அடித்தால் பேய் ஓடும் என்று நம்புவதற்கும் என்ன வித்தியாசம்? முன்னது பனையோலையில் வந்தது, பின்னது கண்ணாடித் திரையில் வருகின்றது என்பதைத் தவிர வேறொன்றுமில்லை.

இனி, வைத்தியத்திற்கு வருவோம். ஸ்வீடன் தேசத்தில் ஆர்னே லார்சன் என்று ஒருவர் இருந்தார். அவருக்கு முழுத் தடை. ஒரு நாளைக்கு 20, 30 தடவை மயங்கி விழுவார். அவருடைய மனைவி எல்ஸ் மேரி என்பவர் நமது நாட்டில் பிறந்திருந்தால், மாங்கல்யப் பிச்சை கேட்டு அங்கப்பிரதட்சணம் செய்யும்படி சொல்லப்பட்டிருப்பார். அவரோ ஸ்டாக்ஹோம் நகரத்தில் ஓக்கே செனிங் என்கின்ற சத்திர வைத்தியரிடமும், ரூனே எல்ம்குவிஸ்ட் என்கின்ற இஞ்சினீயரிடமும் மாறி மாறிப் போய், என் கணவருக்கு ஒரு கருவி செய்து கொடுங்கள் என்று நச்சரித்தார். மனிதனுக்குள் வைக்கத் தக்க கருவி இன்னும் தயாராகவில்லை என்று அவர்கள் சொல்லியும் விடவில்லை. கடைசியாக 1958 அக்டோபர் 8ந் தேதி, ஒரு சிறு டப்பாவை அச்சாக வைத்துப் பிசினில் வார்த்தெடுத்த கருவியை லார்சனின் உடம்புக்குள் வைத்தார்கள். உலகத்தில் ஒரு மனிதனின் உடம்புக்குள் முழுவதும் வைக்கப்பட்ட முதல் பேஸ்மேக்கர் அதுதான். அது சில மணி நேரத்தில் நின்று போயிற்று. உடனே மற்றொன்றை வைத்தார்கள். அதுவும் நிலைக்கவில்லை. இப்படியாக அவர் ஆயுளில் 26 கருவிகள் மாறின. 43 வயதில் சாகவிருந்த அந்த மனிதர், கருவி செய்த இஞ்சினீயரும், அதை வைத்த டாக்டரும் காலமான பிறகும் உயிரோடிருந்து, 2001ல் தமது 86வது வயதில் இருதயத்திற்குச் சம்பந்தமில்லாத புற்றுநோயால் இறந்தார்.

அவருக்கு 1958ல் எழுதியிருந்த 'தலையெழுத்தை' அழித்து 43 வருஷம் கூட்டி எழுதியது யார்? ஒரு பெண்ணின் பிடிவாதமும், ஒரு இஞ்சினீயரின் மூளையும், ஒரு டாக்டரின் கையுமல்லவா? விதியை மதியால் வெல்லலாம் என்பதைக் கூட நாம் ஒப்புவதில்லை. ஏனெனில் அங்கே வெல்லப்படுவதற்கு விதி என்று ஒன்று இருக்கவேயில்லை. கெட்டுப் போன கம்பி ஒன்றுதான் இருந்தது.

இன்றைக்கு அந்தக் கருவி இன்னும் சிறுத்து விட்டது. காறை எலும்புக்குக் கீழே, அந்த இடத்தை மாத்திரம் மரக்கச் செய்து, ஒன்றிரண்டு மணி நேரத்தில் வைத்து விடுகின்றார்கள். அதிலிருந்து மெல்லிய கம்பி இரத்தக் குழாய் வழியாய் இருதயத்திற்குப் போகின்றது. இருதயம் தானாக அடிக்கின்ற வரை அது சும்மா இருக்கின்றது. அடிக்கத் தவறினால் மாத்திரம் தூண்டுகின்றது. பாட்டரி பெரும்பாலும் எட்டு, பத்து வருஷம் வருகின்றது. கம்பியே இல்லாமல் மாத்திரை அளவில் இருதயத்திற்குள்ளேயே வைக்கின்ற கருவியும் வழக்கத்திற்கு வந்திருக்கின்றது. நமது மாகாணத்தில் பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிகளிலும், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் மூலமும் ஏழைகளுக்கும் பேஸ்மேக்கர் வைக்கப்படுகின்றது.

இதற்கு நம்மவர்கள் சொல்லுகின்ற ஆட்சேபணைகளையும் பார்ப்போம். கருவி வைத்து விட்டால் உயிர் போகாமல் இழுத்துக் கொண்டே கிடக்கும் என்கின்றார்கள். இது சுத்தத் தவறு. கருவி தூண்ட மாத்திரம் செய்யும்; தூண்டினால் சுருங்க வேண்டியது இருதயத் தசை. தசை செத்துப் போனால் எவ்வளவு தூண்டினாலும் அசையாது. கருவி வைத்தவர்களும் மற்றவர்களைப் போலவேதான் இறக்கின்றார்கள். வழியில் விழுந்து வீணாய் இறப்பதில்லை, அவ்வளவுதான்.

இயற்கைக்கு விரோதமாய் இயந்திரத்தைக் கொண்டு வாழ்வதா என்கின்றார்கள். மூக்குக்கண்ணாடி போட்டுக் கொண்டு பஞ்சாங்கம் பார்க்கின்றவர்கள் இதைச் சொல்லலாமா?

"வயதாகி விட்டது, இனி எதற்கு?" என்பது மூன்றாவது ஆட்சேபணை. இதுவே மிகக் கொடியது. ஏனெனில் இதைப் பெரும்பாலும் சொல்லுகின்றவர்கள் நோயாளிகளல்லர், வீட்டிலுள்ள மற்றவர்கள். அதிலும் அப்பனுக்கு என்றால் கொஞ்சம் யோசிக்கின்றார்கள். அம்மாளுக்கு என்றால் யோசிப்பதேயில்லை. கிணற்றடியில் விழுந்தாள், அடுப்பங்கரையில் விழுந்தாள் என்று வருஷக்கணக்காய்ச் சொல்லிக் கொண்டிருப்பார்களே ஒழிய, ஒரு ஈ.சி.ஜி. எடுக்க அழைத்துப் போவதில்லை. அவள் இறந்த பிறகு கருமாதிக்கும் சமையலுக்கும் தட்சணைக்கும் கடன் வாங்கியாவது செலவழிப்பார்கள். உயிரோடிருக்கும் போது பஸ் சத்தம் கொடுக்க மனமில்லாதவர்கள், செத்த பிறகு வைதரணி நதியைக் கடக்கப் பசுமாடு தானம் கொடுப்பதை விடப் பெரிய மோசடி வேறெது என்று கேட்கின்றோம்.

இவ்வளவு சொல்லுவதால், புரோகிதரை எழுப்பிவிட்டு அந்த ஆசனத்தில் டாக்டரை உட்கார வையுங்கள் என்று நாம் சொல்லுவதாக எவரும் நினைக்க வேண்டாம். டாக்டர் சொன்னாலும் காரணம் கேட்க வேண்டும். "எந்தப் படித் தடை? காகிதத்தில் எங்கே தெரிகின்றது? நான் சாப்பிடுகின்ற மருந்தால் வந்ததாய் இருக்குமா? தானாக மாறக் கூடியதா? கருவி இல்லாமல் இருந்தால் என்ன?" என்று கேளுங்கள். எல்லாத் தடைக்கும் கருவி வேண்டியதில்லை என்பதை மேலே சொன்னோம். காரணம் சொல்லுகின்றவன் டாக்டர். "நான் சொல்லுகின்றேன், நீ நம்பு" என்கின்றவன், கழுத்தில் பூணூல் போட்டிருந்தாலும் குழாய் போட்டிருந்தாலும் ஒன்றுதான். அதேபோல், மயங்கி விழுந்தவனுக்கு நாடி பார்க்காமல், ஈ.சி.ஜி. எடுக்காமல், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றி, பலவீனம் என்று சொல்லி அனுப்புகின்ற வைத்தியம், விபூதி போட்டு அனுப்புவதைவிட எந்த விதத்தில் மேலானது?

ஆகவே, தோழர்களே, நாம் கேட்டுக் கொள்வது பெரிய காரியமல்ல. வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் கைநாடியை விரலால் தொட்டுக் கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் எண்ணப் பழகிக் கொள்ளுங்கள். யாராவது முன்னறிவிப்பில்லாமல் விழுந்தாலோ, அடிக்கடி கண் இருட்டினாலோ, கொஞ்சம் நடந்தாலே மூச்சு வாங்கி நாடி 40க்குக் கீழே இருந்தாலோ, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் ஈ.சி.ஜி. எடுங்கள். எடுக்கின்ற நேரத்தில் தடை மறைந்திருக்கலாம். அப்போது 24 மணி நேரமோ அதற்கு மேலோ உடம்பில் கட்டி எழுதுகின்ற கருவி இருக்கின்றது, அதைக் கேளுங்கள். விழுந்தவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். கையில் இரும்பைத் திணிக்காதீர்கள். 108க்குச் சொல்லுங்கள். கூப்பிட்டும் அசையாமல் மூச்சும் இல்லாவிட்டால், நடு மார்பில் இரு கைகளையும் வைத்து, நிமிஷத்திற்கு 100 முதல் 120 தடவை வீதம், உதவி வருகின்ற வரையில் அழுத்திக் கொண்டேயிருங்கள். அதற்கு மந்திரம் தெரிய வேண்டியதில்லை. ஜாதியும் பார்க்க வேண்டியதில்லை.

தலையெழுத்து என்பதை எவரும் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை, படித்ததுமில்லை. இருதயத்தின் எழுத்தையோ ஒரு முழக் காகிதத்தில் ஐந்து நிமிஷத்தில் எழுதி வாங்கி, தெரிந்தவர்களைக் கொண்டு படிக்கலாம்; பிழையிருந்தால் திருத்தவும் செய்யலாம். இந்த இரண்டில் எந்த எழுத்தை நம்பி உங்கள் தாய் தகப்பனையும், பெண்டு பிள்ளைகளையும் ஒப்படைக்கப் போகின்றீர்கள் என்பதை நீங்களே யோசித்து முடிவு செய்து கொள்ளுங்கள்.